புதுப்பிப்பு: அக்காவின் மார்பக மறுசீரமைப்பு முடிந்தது

புற்றுநோய்க்காக அக்காவின் மார்பகத்தை அகற்றும்போதே மறுசீரமைப்பும் (மார்பகத்தைத் திரும்ப உருவாக்குவது) செய்வதென்றால் உள்ளே வைக்கும் சிலிக்கோன் இம்ப்ளான்ட் நல்லதா, உடம்பின் சொந்தத் திசுவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாளாகிறது.

கடைசியில் அடிவயிற்றுத் திசுவைத்தான் தேர்ந்தெடுத்தோம். பிறகு அக்காவுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படலாம். கதிர்வீச்சு பட்டால் இம்ப்ளான்ட்டைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசு உறை இறுகிப்போகும் வாய்ப்பு கூடும். அதுதான் முடிவு செய்ய வைத்தது.

செய்தது டீப் ஃபிளாப் (DIEP flap) என்ற முறை. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாய்களோடு எடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்து மார்பிலுள்ள குழாய்களோடு இணைக்கிறார்கள். பழைய டிராம் (TRAM) முறைபோல வயிற்றுத் தசையை எடுப்பதில்லை. அதனால் பின்னாளில் வயிறு பலவீனமாவதும் குடலிறக்கம் வருவதும் குறைவு. மார்பகத் தோலைக் காப்பாற்றிவிட்டார்கள். கட்டி காம்புக்கு மிக அருகில் இருந்ததால் காம்பை மட்டும் வைக்க முடியவில்லை. அக்கா அதற்குத்தான் அழுதாள்.

முதல் இரவு முழுக்க மணிக்கொரு முறை நர்ஸ் வந்து இணைத்த திசுவின் நிறம், சூடு, டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டச் சத்தம் எல்லாம் பார்த்தார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் வந்தது.

காயத்திலிருந்து நீர் வடிய வைத்த டிரெயின் குழாய் இன்னும் ஒன்று இருக்கிறது. ஒரு நாளில் வடிவது 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுத்துவிடுவார்களாம். நேற்று 40.