மீன் எடை ஐந்து மடங்காக வருகிறது, அவசர உதவி தேவை

பாம்பன்காரன்: மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போவதற்குள் இந்தக் கணக்கை முடித்தாக வேண்டும். ஒரு படகில் பலர் போவார்கள், ஒருவரே பல படகுகளில் போவார் என்பதால் டேட்டாபேஸில் படகு, ஆள் அட்டவணைகளுக்கு நடுவில், யார் எந்தப் படகில் போனார் என்று பதியும் ஓர் இணைப்பு அட்டவணை வைத்திருக்கிறேன். தங்கச்சிமடத்து ஆட்கள் போன படகுகளின் மீன் எடையை நாள்வாரியாகக் கூட்டினால், ஒரு படகுக்கு 210 கிலோ வர வேண்டிய இடத்தில் 1050 வருகிறது. ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எண்ணும் டிஸ்டிங்க்ட் போட்டுக் கூட்டினால் 130. எங்கே தவறு?

தொண்டித் தம்பி: குவெரியை (டேட்டாபேஸுக்கு எழுதிய கட்டளையை) காட்டாமல் எப்படிச் சொல்வது? எந்த டேட்டாபேஸ்? எடை எந்த அட்டவணையில் இருக்கிறது?

மண்டபம் வாசி: இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) கெட்டிருக்கும் என்றே தோன்றுகிறது. அழித்துவிட்டு மறுபடி உருவாக்கிப் பாருங்கள்.

பாம்பன்காரன்: மைஎஸ்கியூஎல் 8. எடை தனி அட்டவணையில் உள்ளது: நகரை 80, கணவாய் 50, நண்டு 80. அன்று போனவர்கள் நால்வர், எல்லோரும் தங்கச்சிமடம்.

கீழக்கரைப் பெரியவர்: இன்டெக்ஸ் கெட்டால் கூட்டல் பெருக்கலாகாது, அட்டவணைகளை இணைக்கும் ஜாயின் என்ன செய்கிறது என்று படித்துவிட்டு யோசனை சொல்வது நல்லது. மூன்று மீன் வரிசைகளை நான்கு ஆள் வரிசைகளோடு இணைத்தால் பன்னிரண்டு வரிசைகளாகி, ஒவ்வோர் எடையும் நான்கு முறை எண்ணப்படும். டிஸ்டிங்க்ட் இரண்டு 80-இல் ஒன்றை விழுங்கிவிடுவதால் 130. ஆள் அட்டவணையைக் கூட்டலுக்குள் இழுக்காமல், பொருந்தும் வரிசை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு வடிகட்ட மட்டும் பயன்படுத்துங்கள்.

தொண்டித் தம்பி: ஐயா, நால்வர் என்றால் 840 அல்லவா வர வேண்டும்? 1050 என்பது ஐந்து மடங்கு. யாரோ ஒருவர் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறார்.

மண்டபம் வாசி: அப்படியானால் ஒரே பெயர் உள்ள வரிசைகளை நீக்கிவிடலாமே.

தொண்டித் தம்பி: பெயரைப் பார்த்து நீக்கினால் எங்கள் தெருவில் பாதிப்பேர் காணாமல் போவார்கள். அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள்.

கீழக்கரைப் பெரியவர்: இணைப்பு அட்டவணைக்குத் தனி ஐடி கொடுத்ததுதான் மூலக் கோளாறாக இருக்கும். படகு, ஆள் இரண்டையும் சேர்த்துப் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் அடையாளம்) ஆக்கியிருந்தால் இந்த வரிசை உள்ளேயே நுழைந்திருக்காது.

தொண்டித் தம்பி: சனிக்கிழமை போனவர் திங்களன்றும் அதே படகில் போவாரே, அவரையும் தடுத்துவிடுமே! தேதியும் சேர வேண்டும். தனி ஐடி இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றுக்கும் சேர்த்து யூனிக் கீ (அதே சேர்க்கை இரண்டாம் முறை பதிவாகாமல் தடுப்பது) போட்டால் போதும்.

கீழக்கரைப் பெரியவர்: தேதியை நானும் சொல்வதாகத்தான் இருந்தேன்.

பாம்பன்காரன்: எக்ஸிஸ்ட்ஸ் போட்டதும் 210 வந்துவிட்டது. இரண்டு தடவை இருந்தவர் படகு ஓட்டுநர். ஓட்டுநராக ஒரு முறையும் ஆளாக ஒரு முறையும் பதிந்திருக்கிறோம். நன்றி.