50 மீட்டர் பெஞ்ச்ரெஸ்ட்: குரூப் உயரவாக்கில் நீள்கிறது, ரைஃபிளை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: இரட்டைப்பை

.22 எல்.ஆர். (சிறு ரகத் தோட்டா) ரைஃபிள், 50 மீட்டர், பெஞ்ச்ரெஸ்ட் (ரைஃபிளை மேசைமேல் தாங்க வைத்துச் சுடுவது). 5 தோட்டா குரூப் (டார்கெட்டில் விழும் துளைகளின் கூட்டம்) அகலத்தில் 6–7 மி.மீ.தான் வருகிறது. உயரத்தில் மட்டும் 16–18 மி.மீ. நீள்கிறது. பெரும்பாலும் மூன்று மேலே, இரண்டு கீழே என்று இரு கூட்டமாகப் பிரிகிறது.

விவரம்: போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து மூடுவது), பேரல் 60 செ.மீ., ஸ்கோப்போடு சேர்த்து எடை 4.2 கிலோ. டிரிகரின் இழுப்பு எடை 900 கிராம், அதற்கு மேல் குறையாது. முன்னால் மூன்று கால் ரெஸ்ட், அதன்மேல் மணல் பை. பின்னால் காது (மேலே நீட்டிய இரு மடல்) வைத்த பை. இரண்டுக்கும் நடுவே சுமார் 60 செ.மீ. தோட்டா எல்லாம் ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி), ஸ்டாண்டர்டு வெலாசிட்டி (ஒலி வேகத்துக்குச் சற்றுக் குறைந்த ரகம்).

ஃப்ரீ ரிகாயில் முறையில்தான் சுடுகிறேன்: கன்னமும் தோளும் படுவதில்லை, விரல் மட்டும் டிரிகரில். இடது கையால் பின்பையை அமுக்கிக் குறியைச் சேர்க்கிறேன். தவறு பிடியிலா, தோட்டாவிலா?

பதில்: மணிக்கட்டு

900 கிராம் டிரிகருக்கு ஃப்ரீ ரிகாயில் ஒத்துவராது. முதல் சந்தேகம் அங்கேதான்.

அந்த முறை 50–60 கிராமில் விடுபடும் போட்டி டிரிகர்களோடு வளர்ந்தது. அவ்வளவு லேசான டிரிகரை விரல் தொடும்போது ரைஃபிளுக்கு அது தெரியவே தெரியாது. 900 கிராம் இழுக்கும்போது, எதுவும் பிடிக்காத 4.2 கிலோ ரைஃபிளை அதே விசையோடு பின்னுக்கும் இழுக்கிறீர்கள். பைகளின் உராய்வு அதை நகரவிடாமல் நிறுத்தலாம். ஆனால் பைகளின் தோல் நெகிழ்ந்து கொடுக்கும். டிரிகர் விடுபட்ட கணத்தில் அந்த இழுப்பு சட்டென்று அறுகிறது, நெகிழ்ந்திருந்த பை ரைஃபிளைத் திருப்பித் தள்ளுகிறது. குண்டு பேரலுக்குள் இருப்பதே 2–3 மில்லிசெகண்டு. அதற்கு முன்பு ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கும் ஊசி) ஓடும் நேரமும் உண்டு. இந்த ஆட்டம் முழுக்க அதற்குள் விழுகிறது.

எவ்வளவு ஆடினால் எவ்வளவு விலகும் என்று கணக்குப் போடுங்கள். பைகளுக்கு நடுவே 60 செ.மீ., டார்கெட் 50 மீட்டர். பின்கட்டை (ரைஃபிள் கட்டையின் தோள்பக்கம்) 0.1 மி.மீ. உயர்ந்தால் டார்கெட்டில் சுமார் 8 மி.மீ. கீழே போகும். தாள் ஒன்றின் தடிமன்தான் 0.1 மி.மீ. உங்கள் இரண்டு கூட்டங்களுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு அவ்வளவே போதும்.

செய்ய வேண்டியது: கட்டைவிரலை டிரிகர் கார்டின் (டிரிகரைச் சுற்றிய வளையம்) பின்பக்கமோ கைப்பிடியின் பின்பக்கமோ வைத்து, ஆள்காட்டி விரலை டிரிகரில் வைத்து, கிள்ளுவதுபோல் அழுத்துங்கள். இரண்டு விசையும் ரைஃபிளுக்குள்ளேயே ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். பைகளுக்கு ஒன்றும் போய்ச் சேராது. மற்ற மூன்று விரலும் கைப்பிடியைச் சுற்றக் கூடாது. சுற்றினால் கை இறுகும், ரைஃபிள் உருளும்.

பதில்: காதுப்பை

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பின்பையை அமுக்கிக் குறி சேர்ப்பதும் சம அளவு கெடுதல். காதுகளை அமுக்கினால் பின்கட்டை ஏறும், குறி இறங்கும். டிரிகர் இழுக்கும் நேரத்தில் வலது கை கவனத்தை எடுத்துக்கொள்ளும். இடது கை தன்னை அறியாமல் தளரும். பின்கட்டை இறங்கும், குண்டு மேலே போகும். இறுக்கம் மாறாத தோட்டா ஓரிடம், தளர்ந்த தோட்டா மேலே ஓரிடம். இரு கூட்டத்துக்கு இது ஒன்றே காரணமாகவும் இருக்கலாம்.

உயரத்தை முன் ரெஸ்டின் திருகில் வைத்துக்கொள்ளுங்கள். இடது கை பெஞ்சின்மேல் சும்மா கிடக்கட்டும்.

பைகளைப் பற்றி: பின்பை கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும், அரைகுறையாக மணல் இருந்தால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் குழி ஆழமாகும். பின்கட்டை இரண்டு காதுகளின் உட்சரிவில் உட்கார வேண்டும், நடுவிலுள்ள தையல் மேட்டில் முட்டக் கூடாது. ஸ்லிங் (தோள்வார்) மாட்டும் குமிழ்கள் இருந்தால் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பின்வாங்கும்போது குமிழ் பையில் இடறினால் ரைஃபிள் துள்ளும். தோல் ஒட்டினால் டால்கம் பவுடர் லேசாகத் தடவலாம்.

பிறகு ஓட்டச் சோதனை. தோட்டா இல்லாமல், போல்ட் திறந்த நிலையில், ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே ரைஃபிளை 2 செ.மீ. பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளுங்கள். கிராஸ்ஹேர் (ஸ்கோப்பின் குறிக்கோடு) நேர்செங்குத்தாக ஏறி இறங்கினால் பரவாயில்லை, அது பின்கட்டையின் அடிச்சரிவு. சாய்வாகப் போனால் முன்பையும் பின்பையும் ஒரே கோட்டில் இல்லை. பின்பையை நகர்த்திச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

பதில்: காற்றுக்கொடி

பிடிதான் என்று தீர்ப்புச் சொல்லுமுன் தோட்டாவையும் விசாரியுங்கள். 325 மீட்டர்/விநாடி வேகத்தில் கிளம்பும் குண்டு ஒன்று 10 மீட்டர்/விநாடி மெதுவாகப் போனால், 50 மீட்டரில் சுமார் 8 மி.மீ. கீழே விழும். குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் 20 தோட்டா சுட்டு, ஒவ்வொன்றின் வேகத்தையும் அது விழுந்த உயரத்தையும் எழுதுங்கள். கீழே விழுபவை எல்லாம் மெதுவானவை என்றால் தோட்டா குற்றவாளி. வேகத்துக்கும் உயரத்துக்கும் தொடர்பே இல்லையென்றால் பிடி, பை, கட்டை, ஸ்கோப் இவற்றில் ஒன்று.

காற்றுக்கும் ஒரு முத்திரை உண்டு. வலது சுழல் (உள்வரிகள் குண்டை வலமாகச் சுழற்றும்) பேரலில் வலப்பக்கக் காற்று குண்டை இடதுக்கும் சற்று மேலுக்கும் தள்ளும். இடப்பக்கக் காற்று வலதுக்கும் சற்றுக் கீழுக்கும். குரூப் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து நீளும். உங்களுடையது நிமிர்ந்து நிற்கிறது. காற்றை விட்டுவிடலாம்.

இன்னொன்று, பலர் மறப்பது: கன்னம் படாமல் சுடும்போது கண் எங்கே நிற்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் கிராஸ்ஹேரும் நகர்வதுபோல் தெரிவது) சரியாக இல்லாவிட்டால் குறி சரியாக இருப்பதுபோலவே தெரியும். ரைஃபிளைப் பையில் விட்டு, தொடாமல், தலையை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். கிராஸ்ஹேர் டார்கெட்டின்மேல் நழுவக் கூடாது. ஸ்கோப்பின் பாரலாக்ஸ் வளையத்தில் அச்சிட்ட 50 என்ற எண்ணை நம்பாமல், நழுவல் நிற்கும்வரை திருப்புங்கள்.

இரட்டைப்பை

செய்து பார்த்தவை:

1. பாரலாக்ஸ்: கொஞ்சம் நழுவியது, சரிசெய்தேன்.
2. குரோனோகிராஃப்: 20 தோட்டாவில் வேகத்துக்கும் உயரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை.
3. ஸ்னாப் கேப் (போலித் தோட்டா) போட்டு டிரை ஃபயர் (வெடிக்காமல் டிரிகரை மட்டும் இழுப்பது): பழைய பிடியில் டிரிகர் விடும்போது கிராஸ்ஹேர் துள்ளுகிறது. கிள்ளும் பிடியில் கிட்டத்தட்ட அசையவில்லை.
4. கிள்ளும் பிடி, பின்பையில் கை இல்லை: உயரம் 11 மி.மீ. ஆனது. ஆனால் ஐந்தில் ஒன்று இன்னும் தனியாக மேலே போகிறது.

தோள் சில நேரம் லேசாகப் படுகிறது, சில நேரம் படுவதில்லை. அதைப் பொருட்படுத்த வேண்டுமா?

பதில்: மணிக்கட்டு

ஸ்னாப் கேப் போட்டது நல்லது. பல ரிம்ஃபயர்களில் (.22 போல, தோட்டாவின் விளிம்பில் ஊசி அடிப்பவை) தோட்டா அறை வெறுமையாக இருக்கையில் அடித்தால் ஊசி அறையின் விளிம்பைக் கொத்திவிடும்.

தோள்தான் மிச்சமிருக்கும் கோளாறு. 2.6 கிராம் குண்டு 60 செ.மீ. பேரலைக் கடப்பதற்குள் 4.2 கிலோ ரைஃபிள் 0.4 மி.மீ. அளவுக்குப் பின்வாங்கும். அற்பம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்தில் பின்கட்டை தோளில் முட்டுகிறதா, காற்றில் போகிறதா என்பதைப் பொறுத்து ரைஃபிள் சுழலும் விதம் மாறுகிறது. பேரலின் அச்சு பைகளுக்கு மேலே இருப்பதால் முனை எழும்பப் பார்க்கும். தோள் எங்கே தடுக்கிறதோ, அதற்கேற்ப எழும்புதல் மாறும்.

ஆகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தோளை 1 செ.மீ. விலக்கி வைத்து ஒருபோதும் படாமல் பார்த்துக்கொள்ளலாம். அல்லது எப்போதும் பட வைக்கலாம். உங்கள் டிரிகருக்கு இரண்டாவதையே சொல்வேன். நாற்காலியை நெருக்கி, உடலை நிமிர்த்தி, தோள் தானாக வந்து தொடும் இடத்தில் உட்காருங்கள். சட்டைத் துணி பின்கட்டையில் படுவதை உணர வேண்டும்; தள்ளக் கூடாது. தள்ளினால் உங்கள் நாடித்துடிப்பு கிராஸ்ஹேரில் தெரியும், அதுவே அளவுகோல். துடிப்பு தெரிகிறதா, அரை மி.மீ. பின்வாங்குங்கள்.

கன்னத்தை வைக்க வேண்டாம். தலையின் எடையை ஒரே அளவாக வைப்பது தோளை வைப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

சோதிக்கும்போது மாற்றி மாற்றிச் சுடுங்கள்: தோள் படாமல் 5, பட்டு 5, மறுபடி படாமல் 5 என்று ஒவ்வொரு முறையிலும் நான்கு குரூப், மொத்தம் 40 தோட்டா. ஒரு முறையை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் காற்றும் பேரல் சூடும் நடுவில் மாறி ஏமாற்றிவிடும்.

பதில்: காதுப்பை

தனியாக மேலே போகும் அந்த ஒரு தோட்டாவுக்கு இன்னொரு வாய்ப்பு: முன்கட்டை (பேரலுக்குக் கீழுள்ள கட்டை) ஒவ்வொரு முறையும் பையின் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. ரெஸ்டின் முன்தடுப்பை, பை முன்கட்டையின் நுனியிலிருந்து 6–8 செ.மீ. உள்ளே தாங்கும்படி வையுங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன் ரைஃபிளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, தடுப்பைத் தொடும்வரை தள்ளி, விட்டுவிடுங்கள். தடுப்பில் அழுத்தி நிறுத்த வேண்டாம்.

ரைஃபிள் பையில் இருக்கும்போதே பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே தாளைச் செலுத்திப் பார்க்கவும். கையில் வைத்திருக்கையில் தாராளமாக ஓடும் தாள், பிளாஸ்டிக் கட்டை பையின்மேல் வளைந்ததும் சிக்கிக்கொள்வதுண்டு.

இரட்டைப்பை

தாள் சிக்கியது! நுனிக்கு அருகே பையை வைத்திருந்தேன். 7 செ.மீ. உள்ளே நகர்த்தியதும் ஓடுகிறது. தோள் பட்ட முறையில் நான்கு குரூப்பின் உயரம் 7, 8, 6, 8 மி.மீ. படாத முறையில் 9 முதல் 12. தோள் பட்ட முறையையே வைத்துக்கொள்கிறேன். பிற்பாடு 60 கிராம் டிரிகர் மாட்டினால் பிடியை மாற்ற வேண்டுமா?

பதில்: மணிக்கட்டு

மாற்றலாம், அதே 40 தோட்டா சோதனையோடு. சில ரைஃபிள்கள் லேசான டிரிகரிலும் தோள் பட்டாலே நன்றாகச் சுடும். பிடி மாறினால் குண்டு விழும் இடமும் மாறும், ஜீரோவை (குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது) புதிதாக வைக்க வேண்டும். 60 கிராமில் ஒரு விதி கட்டாயம்: ரைஃபிள் பைகளில் உட்கார்ந்து, குறி டார்கெட்டின்மேல் வந்தபிறகே போல்ட்டை மூடுங்கள். மாட்டியதும் தோட்டா இல்லாமல் போல்ட்டை ஓங்கி ஓங்கி 20 முறை மூடிப் பாருங்கள். ஒருமுறை தானாக விடுபட்டாலும் டிரிகர் எடையைக் கூட்டி மறுபடி சோதியுங்கள்.