டிஎச்சிபி லீஸ்: குத்தகையை விட இரவல் பொருந்தும்

அனைவருக்கும் வணக்கம்.

வலையமைப்பில் சேரும் கருவிகளுக்கு அடையாள எண்ணை, அதாவது முகவரியை, தானாக வழங்கும் முறைதான் டிஎச்சிபி. அந்த முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுப்பது லீஸ். இதற்குத் தமிழில் குத்தகை என்று நம் மொழிபெயர்ப்புக் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்ததைப் படித்தேன். நிலத்துக்கு அது நல்ல சொல்தான். ஆனால் குத்தகை என்றதும் பணமோ நெல்லோ அளக்க வேண்டும் என்ற எண்ணம் கூடவே வருகிறது. வீட்டு ரௌட்டர் கணினிக்கு முகவரி கொடுப்பதில் அப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. ஒரு காலக்கெடு இருக்கிறது, அதற்குள் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பிவிட வேண்டும். நூலகப் புத்தகத்தின் கதைதான் இது. ஆகவே என் பரிந்துரை: இரவல் முகவரி, இரவல் காலம்.

டிஎச்சிபி எப்படி இயங்க வேண்டும் என்று வரையறுக்கும், 1997இல் வந்த ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணம் சொல்லும் நடைமுறையோடு இதை ஒட்டிப் பாருங்கள். இரவல் காலம் 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேரம் ஆனதும், முகவரி கொடுத்த ரௌட்டரிடமே கணினி நீட்டிப்புக் கேட்கும். பதில் வராவிட்டால் 21ஆம் மணி நேரத்திலிருந்து, வலையமைப்பில் முகவரி வழங்கும் எவரிடமாவது கிடைக்குமா என்று பொதுவாகக் குரல் கொடுக்கும். 24 மணி நேரம் முடிந்தும் பதில் இல்லையென்றால் முகவரியைக் கைவிட்டே ஆக வேண்டும். ரினியூ கட்டளைக்கு ‘இரவலைப் புதுப்பி’, ரிலீஸ் கட்டளைக்கு ‘இரவலைத் திருப்பு’ என்று எழுதினால் புதியவருக்கும் விளங்கும்.

இரவல் என்பது இழிவாக ஒலிக்கிறது, இரவல் நகை நினைவுக்கு வருகிறது என்று குழுவில் அம்மா ஒருவர் எழுதியிருந்தார்கள். இலங்கை நூலகங்களில் ‘இரவல் வழங்கும் பகுதி’ என்றே பலகை வைக்கிறார்கள். அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை.

இந்தச் சொல்லுக்காக நான் வாதாடுவது பழுதுபார்க்கும் நேரத்தை எண்ணித்தான். விசேஷ வீட்டுக்கு வந்தவர்களின் கைபேசிகள் எல்லாம் வைஃபையில் சேர்கின்றன. புறப்படும்போது அவை பெரும்பாலும் முகவரியைத் திருப்பித் தருவதில்லை, காலம் முடியும்வரை அது அவற்றின் பெயரிலேயே கிடக்கும். ரௌட்டரிடம் வழங்குவதற்கு இருப்பவையே கொஞ்சம் என்றால், மறுநாள் காலை வீட்டுக்காரரின் கணினிக்கே முகவரி கிடைக்காது. ‘இரவல் கிடைக்கவில்லை’ என்று திரை சொன்னால், எல்லாம் வெளியே போயிருக்கிறது என்று அவரே ஊகித்துவிடுவார். ‘குத்தகை தோல்வி’ என்றால் என்ன புரியும்?

அந்த நேரத்தில் கணினி 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே எடுத்து, வேறு யாராவது அதை வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுச் சூட்டிக்கொள்ளும். இதற்குத் ‘தானிட்ட முகவரி’ எனலாம். அதை வைத்து இணையத்துக்குப் போக முடியாது. திரையில் அந்த எண் தெரிந்தால், ரௌட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். வீட்டில் மற்றக் கருவிகளுக்கு முகவரி கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிடைத்தால் இந்தக் கணினியின் கேபிளையோ வைஃபை இணைப்பையோ சோதிக்கலாம். எதற்கும் கிடைக்கவில்லையென்றால் ரௌட்டரைத்தான் கவனிக்க வேண்டும். உதவிப் பக்கத்தில் இந்த வரிசையிலேயே எழுத விரும்புகிறேன்.

மறுப்பு இல்லையென்றால் இந்தச் சொற்களை மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன். வழங்குவதற்கென்று ரௌட்டர் வைத்திருக்கும் முகவரிகளைக் குறிக்கும் பூல் என்பதற்குத் தொகுப்பா, கையிருப்பா என்பது மட்டும் பாக்கி. வழங்க வழங்கக் குறைவது என்பதால் நான் கையிருப்பு பக்கம். உங்கள் கருத்தை எழுதுங்கள்.