சஃபோக் கிராமத்தில் என் முதல் ஓட்டு

இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கிலாந்து கிராமப்புறத்தில் வேலை பார்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்கு இங்கே ஓட்டு உண்டு. முறையான விசாவில் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர் எல்லோருக்கும் உண்டு. இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்த்தி. எங்கள் மருத்துவமனையிலேயே பல பேருக்கு இது தெரியாது. எனக்குச் சொன்னது எங்கள் ஊர்த் தொகுதியில் மாவட்டக் கவுன்சில் தேர்தலுக்கு நின்ற ஒரு வேட்பாளர்.

நான் இருப்பது மிட் சஃபோக் மாவட்டத்தில், ஸ்டோமார்க்கெட் பக்கம் ஒரு சின்ன ஊர். 2023 மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம் அந்த அம்மா கதவைத் தட்டினார். கூட வந்தவர்கள் யாருமில்லை. சேறு அப்பிய பூட்ஸ், கையில் ஒரு கட்டு நோட்டீஸ். "நான் இந்த நாட்டுப் பிரஜை இல்லைங்க" என்றேன். "அதனாலென்ன, இந்தியா காமன்வெல்த் நாடாயிற்றே? ஏப்ரல் 17-க்குள் பெயரைப் பதிந்துவிடுங்கள்" என்றார். தனக்கு ஓட்டுக் கேட்பதற்கு முன்னால் என் பெயர் பட்டியலில் ஏற வேண்டும் என்று நினைத்தாரே, அந்த மரியாதை இன்றும் மனதில் நிற்கிறது.

ரோட்டுக் குழியைப் பற்றிக் கேட்டேன். அது கவுண்டி கவுன்சில், அதாவது பல மாவட்டங்களுக்கு மேலே இருக்கும் பெரிய கவுன்சிலின் பொறுப்பு என்று விளக்கினார். ரோடு, பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டியிடம். குப்பை அள்ளுவதும் வீடு கட்ட அனுமதி தருவதும் மாவட்டத்தின் வேலை. கவுன்சில் டாக்ஸ் என்கிற வீட்டு வரியை வசூலிப்பதும் மாவட்டம்தான், ஆனால் பெரும்பங்கு கவுண்டிக்குப் போய்விடும். அவர் அதிக நேரம் பேசியது ஊர் ஓரத்து வயலைப் பற்றி. வரிசையாக வீடு வந்தால் டாக்டர் சர்ஜரி (ஊர் கிளினிக்) தாங்குமா, சாக்கடை தாங்குமா என்பது அவர் கவலை. நாரிச்சிலிருந்து டில்பரிவரை நேஷனல் கிரிட் என்ற மின்சார நிறுவனம் திட்டமிட்டிருக்கும் உயர்மின் கோபுரங்கள் பற்றியும் சொன்னார். அதில் மாவட்டம் ஆட்சேபம் தெரிவிக்கலாம், முடிவு லண்டனில் என்பதையும் மறைக்கவில்லை. செய்ய முடியாததைச் செய்து தருவேன் என்று சொல்லாத வேட்பாளரை அன்றுதான் பார்த்தேன்.

மே 4, வியாழக்கிழமை. காலை 7 முதல் இரவு 10 வரை ஓட்டு, அதனால் ஷிஃப்ட் முடிந்தே போனேன். இரண்டு நாளில் மன்னர் சார்லஸுக்கு முடிசூட்டு விழா. வில்லேஜ் ஹால் முழுக்கத் தோரணம். இங்கிலாந்தில் போட்டோ அடையாள அட்டை கட்டாயமான முதல் தேர்தல் அது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் வெறுங்கையோடு வந்திருந்தார். மேஜையில் இருந்த பெண்ணுக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும், பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். ஆனாலும் ஓட்டுச் சீட்டைத் தர முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போய்த் தன் பஸ் பாஸை எடுத்துவந்தார். அந்த வருடம் இப்படித் திருப்பி அனுப்பப்பட்டுக் கடைசிவரை ஓட்டுப் போடாமல் போனவர்கள் சுமார் 14,000 பேர் என்று தேர்தல் ஆணையம் பிறகு சொன்னது. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் இந்தியப் பாஸ்போர்ட் செல்லுபடியானது. பலகைத் தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில். பெருக்கல் குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போட்டேன். விரலில் மை கிடையாது.

மறுநாள் முடிவு: 34 இடங்களில் பசுமைக் கட்சிக்கு 24, கன்சர்வேட்டிவுக்கு 6, லிபரல் டெமாக்ரட்டுக்கு 4. பிரிட்டனில் பசுமைக் கட்சி தனிப் பெரும்பான்மை பிடித்த முதல் கவுன்சில் எங்களுடையது.

பதில்: அக்கா, நான் நார்தம்பர்லாந்துல இருக்கேன். 2017-ல இங்க கவுண்டி கவுன்சில் தேர்தல்ல, பிளைத் பக்கம் ஒரு வார்டுல ரெண்டு பேருக்கும் சரிசமமா ஓட்டு. திரும்பத் திரும்ப எண்ணியும் மாறல, கடைசியில சீட்டுக் குலுக்கற மாதிரி குச்சி இழுத்துத்தான் முடிவு பண்ணாங்க. அந்த ஒரு சீட்டு போனதுல கன்சர்வேட்டிவுக்குப் பெரும்பான்மையே கைநழுவிருச்சு. நம்மாளு ஒருத்தர் போய்ப் போட்டிருந்தா குச்சிக்கே வேலை இருந்திருக்காது. என் மனைவி டிபென்டென்ட் விசாவுல இருக்காங்க, அவங்களும் பதியலாமா?

பதில்: தாராளமா பதியலாம் தம்பி. அரசாங்க வெப்சைட்லயே பண்ணிடலாம், நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் கேட்பாங்க. பாஸ்போர்ட் காலாவதியாகி இருந்தாலும் போட்டோல முகம் ஒத்துப்போனா பூத்துல ஏத்துக்குவாங்க.