ட்ராயிங் ரூமுக்கு என்ன டேபிள் வாங்கலாம்?

எய்டட் ஸ்கூல்ல ட்ராயிங் டீச்சரா இருக்கேன். இத்தனை வருஷமா பிள்ளைங்க தரையில உக்காந்து மடியில அட்டைய வச்சுதான் வரையுதுங்க, போன வாரம் ஒரு பொண்ணு அட்டை சாஞ்சு கலர் தண்ணி பூரா பக்கத்துப் பையன் வெள்ளைச் சட்டையில. இப்ப பழைய மாணவர்கள் சேர்ந்து 80,000 ரூபா தர்றாங்க. ரூம் 20க்கு 20 அடி, ஒரு வகுப்புக்கு 36 பேர், ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும். கடைக்காரர் மேல்பலகை சாயுற ட்ராயிங் டேபிள்தான் நல்லதுங்கறார், ஒண்ணு 6,500, கணக்குப் போட்டா 12தான் வருது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்களேன்.

கரித்துண்டு: டீச்சர், அந்தச் சாய்வு டேபிள் பிளான் போடுறவங்களுக்கு. வாட்டர் கலர் கப்பு அதுல நிக்காது, பென்சில் உருண்டுக்கிட்டே இருக்கும். எங்க ஸ்கூல்ல வாங்கி ரெண்டே மாசத்துல எல்லாத்தையும் நேரா இறுக்கிட்டோம். ஆசாரிகிட்ட சொல்லி 6க்கு 3 அடியில ஆறு டேபிள் போடுங்க, பக்கத்துக்கு மூணு பேர், ஆளுக்கு ரெண்டு அடி, ஏ3 பேப்பர் விரிச்சு பக்கத்துல கப்பும் வைக்கலாம். பிளைவுட் தண்ணி தாங்குற மரைன் வகை, ஐஎஸ் 710 முத்திரை போட்டதா கேளுங்க, சாதாரணத்துல ஓரம் வழியா தண்ணி இறங்கி உப்பிடும். சன்மைக்கா பளபளன்னு வேணாம், ட்யூப்லைட் கண்ல அடிக்கும். இரும்பு ஸ்டூல்னா காலுக்கு ரப்பர் புஷ் மாட்டிடுங்க, இல்லன்னா கீழ் ரூம் கணக்கு சார் தினமும் மேல ஏறி வருவார்.

மஞ்சள்பை: எல்லாத்தையும் டேபிளாக்கிடாதீங்க. லோயர், ஹையர்னு அரசு ட்ராயிங் பரீட்சை எழுதுற பிள்ளைங்க மாடல் ட்ராயிங்குக்கு குடத்தையும் செங்கல்லையும் நிமிர்ந்து பாத்து வரையணும், டேபிள் மேல குனிஞ்சா அளவு கெட்டுடும். ஓவியக் கல்லூரியில டாங்கின்னு சொல்வாங்களே, குதிரை மேல உக்கார்ற மாதிரி கால் போட்டு முன்னாடி போர்டு சாச்சுக்கற பெஞ்சு, அது நாலு செஞ்சா போதும். கலைத் திருவிழா சார்ட்டுக்கெல்லாம் தரைதான் வசதி.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க. உயரம் எவ்வளவு வைக்க? ரூம்ல குழாயும் இல்ல.

கரித்துண்டு: 30 இன்ச் வச்சா ஆறாவது பிள்ளைக்குத் தோள் தூக்கிக்கும், நாங்க 27 வச்சோம். மூலையில கடப்பா கல் ஒண்ணு, மேல குழாய் வச்ச டிரம், கீழ பக்கெட். முதல்ல ஒரே ஒரு டேபிள் செய்யச் சொல்லி, ஆறாவது பிள்ளையையும் பத்தாவது பிள்ளையையும் உக்கார வச்சுப் பாத்துட்டு மத்ததுக்கு அட்வான்ஸ் குடுங்க.