ரிமாண்டுக்கு முன் ஒரு வழக்கறிஞர் வேண்டும் (கோலாலம்பூர்)

வணக்கம். நேற்று மாலை மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் நடந்த பேரணியில் அக்கா மகனையும் அவன் நண்பனையும் போலீஸ் பிடித்துப் போனது. எந்த லாக்கப் என்றே தெரியவில்லை. இரண்டு நிலையங்களில் கேட்டோம், "இங்கே இல்லை" என்று மட்டும் பதில்.

அரசியலமைப்பின் 5ஆவது விதிப்படி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதாவது இன்று மாலைக்குள். எங்கள் பையனுக்குத் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இலவசமாக வழக்கறிஞர் தரும். சிக்கல் நண்பனுக்குத்தான்: இங்கேயே பிறந்தவன், கையில் இருப்பதோ சிவப்பு அடையாள அட்டை (நிரந்தரவாசி, குடியுரிமை இல்லை). அறக்கட்டளை உதவி குடிமக்களுக்குத்தானாம்!

கட்டணம் வாங்காமல் வரக்கூடிய வழக்கறிஞர் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். நண்பனின் அம்மாவுக்கு மலாய் அவ்வளவாக வராது. நீதிமன்றத்தில் அவருக்குத் துணையாக நிற்க ஓர் அக்கா கிடைத்தாலும் பெரிய உதவி. அப்புறம், பையன்கள் படத்தை எங்கும் பகிர வேண்டாம்.