பழைய பெடல் ஸ்டீலை ஏன் யாரும் கையைவிட்டு விடமாட்டேன் என்கிறார்கள்?

மெட்டுக்காரன் (ஆஸ்டின்)

வணக்கம். பத்து வருஷமாக சாதா கிட்டார் வாசிக்கிறேன். மேடைக்கு லாயக்கில்லை, வீட்டில் யாரும் திட்டாத அளவுக்கு வரும். போன வருஷம் இங்கே ஒரு நடனக் கூடத்தில் கன்ட்ரி இசைக்குழு ஒன்றைக் கேட்கப் போனேன். பாடகருக்குப் பின்னால், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த மாதிரி ஒரு தாத்தா. அவர் முன்னால் இருந்ததுதான் பெடல் ஸ்டீல் கிட்டார்: நான்கு கால் வைத்த நீளப் பெட்டி, அதன்மேல் கம்பிகள், இடது கையில் எஃகு உருளை. பெட்டிக்கு அடியில் கால்கள் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கின்றன. அழுகிற மாதிரி ஒரு நாதம் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பாட்டு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு மேடையில் வேறு யாரையும் பார்க்கவில்லை.

இடைவேளையில் போய்ப் பேசினேன். 1971-ஆம் வருஷத்து எம்மன்ஸ் கம்பெனிக் கருவி, புஷ்-புல் வகை என்றார். வலது முன்கை உரசுகிற இடத்தில் கறுப்பு வண்ணம் போய் மரம் தெரிகிறது. ஓரத்தில் சிகரெட் வைத்த தழும்பு. இடது முன்காலுக்கு அடியில் மடித்த அட்டைத்துண்டு. "எப்போதாவது விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "என் மகன்கூட இதைக் கேட்டதில்லை" என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்துக் கம்பிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு சந்தித்த ஸ்டீல்காரர்கள் மூன்று பேரும் இதே ரகம். ஒருவர் வீட்டில் புத்தம் புதுக் கருவி பெட்டியோடு தூங்குகிறது. கச்சேரிக்குப் போவது என்னவோ பழசுதான்.

இப்போது என் விஷயம். இங்கே ஒருவர் 1970-களின் ஷோ-பட் கம்பெனிக் கருவி ஒன்றை விற்கிறார். ஒற்றைக் கழுத்து (கம்பி வரிசை ஒன்றுதான்), பத்துக் கம்பி, மூன்று பெடல், நான்கு முழங்கால் நெம்புகோல். 2,800 டாலர் கேட்கிறார். வாங்கலாமா, இல்லை பேசாமல் புதுசுக்கே போகலாமா? இந்தப் பழசு மோகத்தில் நிஜமாகவே விஷயம் இருக்கிறதா, வெறும் பழைய நினைப்பா?

போல்ட்நட் (சான் ஹோசே)

புதுசு வாங்குங்கள், விஷயம் முடிந்தது. நான் மெக்கானிகல் ஆள், வாசிக்கத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பனுடைய பழைய ஷோ-பட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தோம். ராடு, நெம்புகோல், ஸ்பிரிங், கொக்கி. ஐம்பது வருஷ ஓட்டத்தில் ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்து, மொத்தமாகச் சேர்த்தால் பெடலில் பெரிய தொளதொளப்பு. மலிவான வார்ப்பு உலோகப் பாகம் ஒன்றில் விரிசல் வேறு. இன்றைய கருவியில் இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

பழைய அம்பாசடரை விற்க மனசு வராத பெரியப்பா ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அதற்காக நாமும் போய் அம்பாசடர் வாங்குவோமா?

தந்திக்கிழவன் (டென்னசி)

போல்ட்நட் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஆனாலும் அவர் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவர். நான் அதன்முன் இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருப்பவன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கும்பகோணத்தில் வீணை சொல்லிக்கொடுத்தவர். அதனால் எனக்கு இந்தக் கருவி சுரத்தில்தான் புரிந்தது, உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன். நாஷ்வில் பக்கம் எல்லோரும் வைக்கிற ஸ்ருதியில் நான்காம் கம்பியை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது ப, ஆறாவது அந்தர காந்தாரம். மூன்றும் சேர்ந்தால் ச-க-ப. முதல் பெடலை மிதித்தால் ப மட்டும் ஏறி சதுச்ருதி தைவதம் ஆகிறது. இரண்டாவது பெடல் காந்தாரத்தை சுத்த மத்தியமத்துக்குத் தூக்குகிறது. ச அசையாது. உருளையை ஒரு மயிரிழை நகர்த்தாமல் ச-க-ப அப்படியே வழுக்கி ச-ம-த ஆகிவிடும். கோட்டு வாத்தியத்தில் கட்டையை நகர்த்தினால் அதன் கீழிருக்கும் கம்பி எல்லாம் சேர்ந்து நகரும். இங்கே ஒன்று நிற்க, மற்றது அதன்மேல் உரசிக்கொண்டு ஏறுகிறது. அந்த அழுகை அங்கேதான் இருக்கிறது. 1954-இல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் இதைச் செய்ததும், அதுவரை மடியில் கிட்டாரை வைத்து வாசித்தவர்கள் எல்லாம் பெடலுக்கு அலைய ஆரம்பித்தார்கள்.

தாத்தாவிடம் இருப்பது புஷ்-புல் என்றாய் அல்லவா தம்பி? பட்டி எம்மன்ஸ் முதலில் ஷாட் ஜாக்சனோடு சேர்ந்து ஷோ-பட்டை ஆரம்பித்தவர். பிறகு பிரிந்து போய், 1960-களில் வட கரோலினாவின் பர்லிங்டனில் தன் பெயரிலேயே செய்யத் தொடங்கினார். அந்தக் கருவியில், பெடலிலிருந்து காலை எடுத்ததும், கம்பியைத் தாங்குகிற உலோக விரல் உடம்போடு பதிந்த ஒரு தடுப்பில் போய் இறுக்கமாக உட்காரும். கம்பியின் அதிர்வு நேரே மரத்துக்குப் போகிறது, அதனால்தான் அந்த நாதம் என்பது ஸ்டீல்காரர்களின் வேதவாக்கு. பாதி உண்மை என்பது என் கணக்கு. மீதி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் வாசிக்கிறவர் கையும்.

தொல்லையும் உண்டு. எந்தப் பெடல் எந்தக் கம்பியை எவ்வளவு இழுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைப் புதுக் கருவியில் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிவிடலாம். புஷ்-புல்லில் ஒரு சனி ஞாயிறு போய்விடும், சில சமயம் மனைவியோடு பேச்சும்.

சரி, ஏன் விடமாட்டேன் என்கிறோம்? என் கதையைச் சொல்கிறேன். 2011-இல் வேலையில் கொஞ்சம் பணம் கூடுதலாக வந்தது. புதுசு ஒன்று சொல்லிச் செய்து வாங்கினேன். என் எம்மன்ஸ் இரட்டைக் கழுத்து, பெட்டியோடு சேர்த்து 30 கிலோவுக்குக் குறையாது. புதுசை ஒரு கையில் தூக்கலாம். பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கும். ட்யூனரை மாட்டிப் பார்த்தால் ஒவ்வொரு சுரமும் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. அதில் நான் வாசித்தால் அபஸ்வரம்.

காரணம் பிடிபட மூன்று மாசம் ஆனது. பழசில் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால், அந்த இழுப்பில் கருவியின் உடம்பே துளி வளைந்து ச சுமார் 5 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். மத்தியமத்தையும் தைவதத்தையும் அந்த இறங்கின ச-வோடு சேர்த்துத்தான் காதால் வைத்திருப்பேன். ஆக மொத்தக் கோவையும் ஒரு துளி கீழே. என் இடது கை அதைத் தானாகவே சரிசெய்து வந்திருக்கிறது. மூன்றாவது பிரெட்டில் மிதித்தால் உருளை ஒரு மில்லிமீட்டர் சொச்சம் முன்னால் போகும். பதினான்கு வருஷமாக இதைச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. புதுசில் இறக்கமே இல்லை, கை மட்டும் இல்லாத கோளாறைத் திருத்திக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிய பிறகும் மூக்கின் மேல் விரலால் தள்ளிவிடுவோமே, அதுமாதிரி. பதினோராம் மாசம் விற்றுவிட்டேன். வாங்கினவர் இன்னும் சந்தோஷமாக வாசிக்கிறார், கருவிமேல் குறையே கிடையாது.

முழங்காலும் அப்படித்தான். வலது முழங்கால் நெம்புகோலை எவ்வளவு தூரம் தள்ளினால் பாதிச் சுரம் இறங்கும் என்பது காலுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்கு இந்த எம்மன்ஸை 1997-இல் விற்றவர் கென்டக்கிக்காரர், விரலில் வாதம் வந்து நிறுத்தியவர். ஐந்து வருஷம் கழித்து ஒரு நாள் வந்து, "ஒரு நிமிஷம் உட்காரட்டுமா?" என்றார். இரண்டு சுரம் வாசித்திருப்பார். நிறுத்தி, முழங்காலை விலக்கி, குனிந்து அடியில் பார்த்தார். "வலது லீவரை வளைத்திருக்கிறாய்." ஆமாம், என் கால் குட்டை என்று ஒரு விரல்கடை வளைத்திருந்தேன். மேற்கொண்டு அவர் வாசிக்கவில்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பனங்கொட்டை (டொராண்டோ)

அண்ணை, கடைசிப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன்.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் ஜிம் ரீவ்ஸ் பைத்தியம். இங்கே வந்து மற்ற கன்ட்ரி பாட்டுகளைக் கேட்ட பிறகுதான் விளங்கியது, ரீவ்ஸின் பிற்காலத்துப் பாட்டுகளில் பியானோவும் வயலின் கூட்டமும் கோரஸும் முன்னுக்கு வந்துவிட்டன, ஸ்டீல் பின்னுக்குப் போய்விட்டது என்று.

இன்னொன்று, இது அமெரிக்க வெள்ளைக்காரரின் கருவி என்று மட்டும் நினைக்க வேண்டாம். நைஜீரியாவில் கிங் சன்னி அடேயின் ஜூஜூ இசைக்குழுவில் டெமோலா அடெபோஜு பெடல் ஸ்டீல் வாசித்ததைத் தேடிக் கேளுங்கள். அந்த மேளக் கூட்டத்துக்கு நடுவில் மிதந்து வரும்.

மெட்டுக்காரன்

ஐயா, படித்துவிட்டு எனக்குப் பாதிப் பயம், பாதி ஆசை. அப்படியென்றால் எனக்குப் பழசும் ஒன்றுதான், புதுசும் ஒன்றுதான் என்று ஆகிறதே? என் காலுக்கு இன்னும் எதுவுமே தெரியாது.

தந்திக்கிழவன்

அதேதான் தம்பி. இரண்டும் உனக்குப் புதுசுதான். எதில் முதல் ஐந்து வருஷம் உட்காருகிறாயோ அதுதான் உன்னைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பொறுமையாகப் பார்த்து வாங்கு.

அந்த ஷோ-பட்டைப் பார்க்கப் போகும்போது டார்ச்சும் ட்யூனரும் எடுத்துப் போ. முதலில் உட்கார். பெட்டியின் கால்களை உயர்த்தித் தாழ்த்த முடியும், பெடல் ராடையும் மாற்றலாம், அதற்குக் கவலைப்படாதே. ஒவ்வொரு பெடலையும் மிதித்து விடு, சுரம் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார். மெதுவாக விட்டுப் பார், வெடுக்கென்று விட்டுப் பார். இரண்டுக்கும் வேறு வேறு இடத்தில் நின்றால் எங்கேயோ சிக்குகிறது. அடியில் டார்ச் அடித்து போல்ட்நட் சொன்ன விரிசல் இருக்கிறதா என்று தேடு. வெளியே எவ்வளவு கீறல் இருந்தாலும் விடு, கீறல் இருந்தால் அதை யாரோ வாசித்திருக்கிறார்கள்.

பளபளவென்று அறையில் வைத்துப் பூஜை செய்த கருவியென்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். எண்ணெய் இறுகிக் கெட்டியாகி இருக்கும்.

போல்ட்நட்

எண்ணெய் விஷயத்தில் முழுச் சம்மதம். மற்றதில் நான் கட்சி மாறவில்லை.

மெட்டுக்காரன்

வாங்கிவிட்டேன்! 2,500-க்கு முடிந்தது. விற்றவருடைய அப்பா வாசித்ததாம், ஆறடிக்கு மேல் உயரமாம். நான் ஐந்தரை அடி. உட்கார்ந்தால் இடது முழங்காலுக்கு மேலே நெம்புகோல் எட்டாத உயரத்தில் தொங்குகிறது. நான்கு காலையும் கடைசி வரை உள்ளே தள்ளித்தான் எட்டியது. பெட்டிக்குள் பழைய விரல் பிக்குகள், ஒரு பல்வலி மாத்திரை டப்பா, பென்சிலில் பாட்டு வரிசை எழுதிய காகிதம் ஒன்று. காகிதத்தை அவரிடம் கொடுத்தேன், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு சந்தேகம். மூன்றாம் கம்பி இரண்டு நாளில் இரண்டு தரம் அறுந்துவிட்டது. இரண்டு தரமும் ஒரே இடம், வலதுபுறம் அந்த உலோக விரலின் உச்சியில். நகத்தால் தடவினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுகிறது.

தந்திக்கிழவன்

மூன்றாவது எல்லோருக்கும் அறும், அதுதான் இருப்பதிலேயே மெல்லிசு. ஆனால் பள்ளம் தட்டினால் அதைச் சரிசெய்ய வேண்டும். அரம் போடாதே! ரொம்ப நைசான உப்புத்தாளை நாடா மாதிரி வெட்டி, கம்பி ஓடுகிற திசையிலேயே முன்னும் பின்னும் இழு, பக்கவாட்டில் தேய்க்காதே. நகத்துக்குத் தட்டாமல் போனதும் நிறுத்திவிடு. கம்பி இனிமேல் டஜனாக வாங்கி வை.